கண் பிரஷர் நார்மல்னு சொன்னா நிம்மதியா இருக்கலாமா? சென்னையில் குளுக்கோமாவோடு மல்லுக்கட்டிய டாக்டர் எலியட்டின் கதை

விக்கிரமசிங்கபுரம், பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கம் கண் முகாமுக்குப் போய் வருபவர்களின் சீட்டில் ஒரு எண் எழுதியிருக்கும். 14, 16, 18 என்று ஏதாவது ஒன்று. அதுதான் கண் பிரஷர். 21-க்குள் இருந்தால் நார்மல் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நாமும் சீட்டை மடித்து வைத்துவிட்டு மறந்துவிடுவோம்.

ஆனால் அந்த எண் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை நேரடியாகச் சொல்வது இல்லை. கண்ணின் முன்பக்கம் இருக்கும் கார்னியா என்ற கண்ணாடி போன்ற படலத்தை வெளியிலிருந்து அழுத்திப் பார்த்துப் போடும் கணக்கு அது. அந்தப் படலம் தடிமனாக இருந்தால் கணக்கு ஒரு பக்கம் சாயும். மெல்லிசாக இருந்தால் இன்னொரு பக்கம் சாயும்.

இந்த விஷயம் தெளிவாவதற்கு ரொம்ப வருஷம் முன்பே, விரலால் கண்ணைத் தொட்டு அழுத்தம் பார்த்த காலத்தில், சென்னை எழும்பூரில் ஒரு டாக்டர் குளுக்கோமாவுக்குப் புது ஆபரேஷன் ஒன்றைக் கொண்டுவந்தார். உலகம் முழுக்க கண் டாக்டர்கள் அதைச் செய்தார்கள். அவர் பெயர் ராபர்ட் ஹென்றி எலியட்.

யார் இந்த எலியட்?

எலியட் என்றதும் சென்னைவாசிகளுக்கு பெசன்ட் நகர் பீச் ஞாபகம் வரும். அந்த எலியட் வேறு, இந்த எலியட் வேறு.

ராபர்ட் ஹென்றி எலியட் பிறந்தது 1864-ல். படித்து அறுவை மருத்துவரானவர், 1892-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் ராணுவத்துக்கும் அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் டாக்டர்களைக் கொடுத்த அமைப்பு அது.

அவர் ஆரம்பத்திலிருந்தே கண்ணை மட்டும் பார்த்தவர் இல்லை. நாகப்பாம்பு, கடல் பாம்பு போன்றவற்றின் விஷம் உடம்பில் என்ன செய்கிறது என்பதிலும் ஆராய்ச்சி செய்தார். 1905 வாக்கில் அந்தக் கட்டுரைகள் லண்டனில் வெளிவந்தன. ஒரு விஷயத்தைக் கேள்விப்பட்டால் நம்பிவிடாமல், சோதித்துப் பார்த்துவிட்டுப் பேசும் பழக்கம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

1904-ல் சென்னை அரசு கண் ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளர் பொறுப்பு அவருக்கு வந்தது. அங்கேதான் அவர் வாழ்க்கை திசை மாறியது.

எழும்பூரில் என்ன நடந்தது?

அந்த ஆஸ்பத்திரி 1819-ல் தொடங்கப்பட்டது. ஆசியாவிலேயே பழமையான கண் ஆஸ்பத்திரி என்ற பெருமை அதற்கு உண்டு. 1880-களில் எழும்பூருக்கு இடம் மாறியது. இன்றைக்கும் அரசு கண் மருத்துவமனையாக அதே எழும்பூரில் இயங்குகிறது.

எலியட் காலத்தில் மதராஸ் மாகாணம் இன்றைய தமிழ்நாட்டைவிடப் பல மடங்கு பெரியது. தெலுங்கு, மலையாள, கன்னட ஊர்கள் பலவும் அதில் சேர்ந்திருந்தன. பெரிய கண் ஆஸ்பத்திரி என்றால் எழும்பூர்தான். பொதிகை மலை அடிவாரத்திலிருந்து ஒருவர் அங்கே போகணும்னா, அம்பாசமுத்திரம் வழியாக ரயில் வந்ததே 1900-களின் தொடக்கத்தில்தான். கையில் காசு வேண்டும், கூட வர ஆள் வேண்டும். அதனால் பலர் பார்வை முக்கால்வாசி போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிப் படியேறினார்கள்.

கண் புரை என்றால் லேட்டாக வந்தாலும் பரவாயில்லை. ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் பார்வை திரும்பும். குளுக்கோமாவில் அது நடக்காது. போன பார்வை போனதுதான். இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் முடியும். எலியட்டின் முன்னால் நின்ற பெரிய சவால் இதுதான்.

குளுக்கோமா அப்படி என்ன செய்கிறது?

நம் கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் சுரந்துகொண்டே இருக்கும். இது கண்ணீர் இல்லை, கண்ணுக்கு உள்ளேயே சுற்றும் நீர். சுரக்கிற அளவுக்கு வெளியேறவும் வேண்டும். கார்னியாவும் கருவிழிப் பகுதியும் சந்திக்கும் மூலையில் சல்லடை மாதிரி ஒரு வடிகால் இருக்கிறது. அது அடைபட்டால் அல்லது மந்தமானால் உள்ளே அழுத்தம் ஏறும்.

ஏறிய அழுத்தம் பின்னாலிருக்கும் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். முதலில் போவது பக்கவாட்டுப் பார்வை. நேராகப் பார்ப்பது நன்றாகவே தெரியும். பீடி சுற்றுகிறவருக்குக் கையில் இருக்கும் இலை தெரியும், மில்லில் வேலை பார்ப்பவருக்கு எதிரே ஓடும் நூல் தெரியும். அதனால் ஏதோ குறைகிறது என்ற சந்தேகமே வராது. வலியும் பெரும்பாலும் இருக்காது.

திடீரென்று கண் சிவந்து, தலை வெடிக்கிற மாதிரி வலித்து, வாந்தியோடு வரும் வகையும் ஒன்று உண்டு. அந்த வகைக்கு ஜெர்மனியின் கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே 1850-களிலேயே ஒரு ஆபரேஷன் கண்டுபிடித்துவிட்டார். கருவிழியின் ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுக்கும் முறை அது. ஆனால் சத்தமே இல்லாமல் வளரும் நாள்பட்ட குளுக்கோமாவில் அந்த ஆபரேஷன் நம்பும்படி பலன் தரவில்லை.

விரலால் பிரஷர் பார்த்த காலம்

அப்போது கண் அழுத்தத்தை எப்படிப் பார்த்தார்கள்? கண்ணை மூடச் சொல்லி, இமைக்கு மேல் இரண்டு ஆள்காட்டி விரலை வைத்து மாற்றி மாற்றி மெதுவாக அமுக்குவார்கள். பழம் பழுத்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது போலத்தான். சாதாரணம், கொஞ்சம் கெட்டி, ரொம்பக் கெட்டி, கல் மாதிரி என்று தரம் பிரித்து எழுதுவார்கள். பழகிய விரலுக்குக் கல் மாதிரி இருக்கும் கண் உடனே தெரிந்துவிடும். நடுவில் இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசம் தெரியாது.

எலியட் எழும்பூர் பொறுப்புக்கு வந்த மறு வருஷம், 1905-ல், நார்வே நாட்டு டாக்டர் யால்மர் ஷியோட்ஸ் ஒரு கருவியைக் கொண்டுவந்தார். நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, கண்ணை மரத்துப்போகச் செய்து, கார்னியா மேல் அந்தக் கருவியை நிறுத்துவார்கள். அதன் நடுவிலிருக்கும் சின்னக் கம்பி கார்னியாவை எவ்வளவு தூரம் உள்ளே அமுக்குகிறது என்பதை முள் காட்டும். விரலுக்குப் பதிலாக ஒரு எண் கிடைத்தது. நம்ம ஊர் முகாம்களிலும் ஷியோட்ஸ் டோனோமீட்டர் வெகுகாலம் புழங்கியது.

1909: கண்ணில் போட்ட வட்டத் துளை

அழுத்தத்தை அளப்பது ஒரு பக்கம், குறைப்பது இன்னொரு பக்கம். எலியட்டின் யோசனை எளிமையானது. வடிகால் அடைத்துவிட்டால், நிரந்தரமாகப் புதிதாக ஒரு வடிகால் போட்டுவிட வேண்டும்.

அதற்கு அவர் எடுத்துக்கொண்டது ட்ரெஃபைன் என்ற குட்டிக் கருவி. முனை வட்டமாக, கூர்மையாக இருக்கும். விரலிடுக்கில் பிடித்துச் சுழற்றினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு வட்டமாக ஒரு துண்டை வெட்டி எடுத்துவிடும்.

முதலில் கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வைத் தூக்குவார். அந்தச் சவ்வு கார்னியாவோடு ஒட்டும் ஓரம்வரை போவார். அங்கேயும் நிறுத்தாமல், கார்னியாவின் மேலடுக்கைக் கொஞ்சம் பிளந்து இன்னும் முன்னே போவார். பிறகு கார்னியாவும் வெள்ளைப் பகுதியும் சேரும் எல்லையில் ட்ரெஃபைனை வைத்துத் துளை போடுவார். கடைசியில் சவ்வைப் பழையபடி மூடிவிடுவார். கண்ணுக்குள் தேங்கிய நீர் துளை வழியாகக் கசிந்து சவ்வுக்கு அடியில் வந்து, உடம்பிலேயே உறிஞ்சப்பட்டுவிடும்.

துளை அவ்வளவு முன்னால் ஏன் போட வேண்டும்? கொஞ்சம் பின்னால் போட்டால், உள்ளே இருக்கும் திசு வந்து துளையை அடைத்துக்கொள்ளும். ஆபரேஷன் வீணாகிவிடும்.

இந்த முறையை எலியட் 1909-ல் வெளியிட்டார். அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஃப்ரீலாண்ட் ஃபெர்கஸ் என்ற டாக்டரும் ட்ரெஃபைனால் துளை போட்டுப் பார்த்திருந்தார். யார் முதலில் என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் துளையைக் கார்னியா எல்லைக்குக் கொண்டுவந்து, வரிசையாகப் பல நோயாளிகளுக்குச் செய்து, எது சரியாக வந்தது, எது தவறியது என்று எழுதி வைத்ததில் எலியட்டின் பெயர் நிலைத்தது. 1913-ல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். பல நாடுகளில் இந்த ஆபரேஷன் எலியட் ட்ரெஃபைன் என்றே அழைக்கப்பட்டது.

குறையே இல்லையா?

இருந்தது. துளைக்கு மேல் மூடியிருப்பது மெல்லிய சவ்வு மட்டும்தான். சிலருக்கு அது நாளாக நாளாக இன்னும் மெலிந்துபோனது. அதன் வழியாகக் கிருமி உள்ளே போனால், ஆபரேஷன் முடிந்து மாதங்கள், வருஷங்கள் கழித்துக்கூட கண் கெட்டுப்போகும் ஆபத்து இருந்தது. சிலருக்கு நீர் அளவுக்கு மீறி வடிந்து, அழுத்தம் ரொம்பவும் இறங்கியது.

இதனால் 1960-களின் கடைசியில் டிராபெக்குலெக்டமி என்ற முறை வந்தது. துளை அதே மாதிரிதான். ஆனால் மேலே வெள்ளைப் பகுதியிலிருந்தே ஒரு கதவு மாதிரி அடுக்கை விட்டுத் தையல் போட்டுவிடுவார்கள். நீர் கட்டுப்பாட்டோடு கசியும். இன்றைக்கும் குளுக்கோமாவுக்கு அதிகம் செய்யப்படும் ஆபரேஷன்களில் இது ஒன்று. புது வடிகால் போடுவது என்ற எலியட் காலத்து யோசனை இதற்குள்ளும் இருக்கிறது.

ஊசி வைத்தியத்தையும் விடவில்லை

அந்த நாளில் ஊர் ஊராகச் சுற்றும் நாட்டு கண் வைத்தியர்கள் புரைக்கு ஒரு வைத்தியம் செய்தார்கள். ஊசியைக் கண்ணில் செலுத்தி, வெளுத்துப்போன லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே பின்னால் தள்ளிவிடுவார்கள். அன்றைக்கே வெளிச்சம் தெரியும். வைத்தியர் காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பிரச்சினை அதற்குப் பிறகு வரும். கிருமி தாக்கும். இல்லையென்றால் உள்ளே விழுந்த லென்ஸால் அழுத்தம் ஏறி, குளுக்கோமாவில் கொண்டுபோய் விடும்.

அப்படிக் கெட்டுப்போய் எழும்பூருக்கு வந்தவர்களை எலியட் கணக்கெடுத்தார். கெட்டுப்போன கண்களை வெட்டிப் பார்த்து, உள்ளே என்ன நடந்தது என்று பதிவு செய்தார். 1917-ல் லண்டனில் இதைப் பற்றி உரைகள் நிகழ்த்தினார், அவை புத்தகமாகவும் வந்தன. ஆபரேஷன் செய்த அன்றைக்குப் பார்வை வந்ததா என்பதோடு கணக்கை முடித்துவிடக்கூடாது, பிறகு என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்த வேலையின் சாரம்.

கண்கட்டு வித்தையைத் துரத்திய கண் டாக்டர்

ஏறக்குறைய பத்து வருஷம் எழும்பூரில் வேலை பார்த்துவிட்டு எலியட் லண்டன் திரும்பினார். 1918-ல் குளுக்கோமா பற்றிப் பெரிய நூல், 1920-ல் வெப்பநாடுகளின் கண் நோய்கள் பற்றி இன்னொரு நூல் என்று எழுதிக்கொண்டே இருந்தார்.

அவருக்கு இன்னொரு முகமும் இருந்தது. லண்டனில் மேஜிக் சர்க்கிள் என்ற மந்திரவாதிகள் சங்கத்தில் அமானுஷ்ய விஷயங்களை விசாரிக்கும் குழுவுக்குத் தலைவராக இருந்தார். இந்தியாவில் கயிறு தானாக மேலே எழும், அதில் பையன் ஏறி மாயமாகிவிடுவான் என்ற கதை அப்போது மேல்நாடுகளில் ரொம்பப் பிரபலம். திறந்த வெளியில் அதைச் செய்து காட்டினால் 500 கினி பரிசு என்று 1934-ல் அந்தக் குழு அறிவித்தது. நிபந்தனைப்படி செய்து அந்தப் பரிசை யாரும் வாங்கவில்லை. அதே வருஷம் கீழ்நாட்டு மாயம் என்று பேசப்படுவதைக் கேள்வி கேட்டு ஒரு புத்தகமும் எழுதினார்.

1936-ல் எலியட் காலமானார். எழும்பூர் மருத்துவமனையில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது.

எலியட் காலத்தில் தெரியாத அந்த அரை மில்லிமீட்டர்

இப்போ மறுபடியும் நம் சீட்டில் இருக்கும் எண்ணுக்கு வருவோம்.

எலியட் தினமும் கத்தி வைத்த அதே கார்னியாதான் இங்கே முக்கியம். அதன் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன். ஜெராக்ஸ் தாள் ஐந்தை அடுக்கினால் எவ்வளவு கனம் வருமோ, ஏறக்குறைய அவ்வளவுதான். இதை மைக்ரானில் சொல்வார்கள். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் 1 மில்லிமீட்டர்.

1950-களில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஹான்ஸ் கோல்ட்மான் என்ற கண் மருத்துவர் புது டோனோமீட்டர் ஒன்றை உருவாக்கினார். கார்னியாவில் 3.06 மில்லிமீட்டர் அகல வட்டம் ஒன்றைத் தட்டையாக்க எவ்வளவு விசை தேவை என்று அது அளக்கும். இன்றைக்கும் மற்ற கருவிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது இதோடுதான். ஆனால் கணக்கு சரியாக வர, கார்னியா சராசரியாக அரை மில்லிமீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தடிமன் மாறினால் எண்ணும் மாறும் என்பது கோல்ட்மானுக்கே தெரியும். ஆனால் அப்படிப்பட்ட கண்கள் அபூர்வம் என்று அப்போது நினைத்தார்கள்.

அது அபூர்வம் இல்லை என்று பின்னால் தெரிந்தது. 1975-ல் டென்மார்க்கின் நீல்ஸ் ஏலர்ஸ் குழு, ஆபரேஷன் நேரத்தில் கண்ணுக்குள்ளேயே நுண்குழாய் செலுத்தி உண்மையான அழுத்தத்தை எடுத்து, வெளியே கருவி காட்டிய எண்ணோடு ஒப்பிட்டது. கார்னியா 520 மைக்ரான் அளவில் இருந்தபோது இரண்டும் ஒத்துப்போயின. தடிமனான கார்னியாவில் கருவி கூடுதலாகக் காட்டியது. மெல்லிய கார்னியாவில் குறைத்துக் காட்டியது.

அதாவது, கார்னியா தடிமனாக இருக்கும் ஒருவருக்கு இல்லாத பிரஷர் இருப்பதாகத் தெரியலாம். மெல்லிசாக இருக்கும் ஒருவருக்கு, இருக்கிற பிரஷர் நார்மல் வேஷம் போடலாம். இரண்டாவதுதான் ஆபத்து.

2002-ல் அமெரிக்காவில் இன்னொரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. கண் அழுத்தம் அதிகமாக இருந்தும் குளுக்கோமா வராத 1,636 பேரை வருஷக்கணக்கில் கவனித்தார்கள். கார்னியா 555 மைக்ரான் அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு, 588-க்கு மேல் இருந்தவர்களைவிட குளுக்கோமா வரும் ஆபத்து சுமார் 3 மடங்கு. அதன் பிறகு குளுக்கோமா சந்தேகம் என்றாலே கார்னியா தடிமனையும் அளப்பது வழக்கமாகிவிட்டது.

நம்ம ஊர் கண்களுக்கு இது ஏன் முக்கியம்?

நம் மக்களின் கார்னியா சராசரியாகக் கொஞ்சம் மெல்லிசு. சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை குளுக்கோமா ஆய்வில், 40 வயதுக்கு மேற்பட்டவர்களின் சராசரி சுமார் 511 மைக்ரான். நகரத்தில் இருப்பவர்களைவிட கிராமத்தினருக்கு இன்னும் குறைவு.

அரவிந்த் கண் மருத்துவமனை தமிழ்நாட்டின் மூன்று தென் மாவட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரிடம் நடத்திய ஆய்வு 2003-ல் வெளியானது. அதில் 2.6 சதவீதம் பேருக்கு குளுக்கோமா இருந்தது. அவர்களில் 10-ல் 9 பேருக்கு மேல், தங்களுக்கு அந்த நோய் இருப்பதே அதுவரை தெரியாது.

எலியட் காலத்தில் எழும்பூர் தூரம். இன்றைக்கு விக்கிரமசிங்கபுரத்துக்காரருக்கு திருநெல்வேலி ஒரு பஸ் பயணம். 1988 முதல் அங்கே அரவிந்த் இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. தூரம் குறைந்தும் நோய் தெரியாமல் இருப்பதற்கு, தொந்தரவு எதுவும் இல்லாததும், நார்மல் என்ற ஒரு எண்ணை நம்பி இருந்துவிடுவதும் முக்கியக் காரணங்கள்.

அப்போ என்ன செய்யணும்?

40 வயதைத் தாண்டியவர்கள், அப்பா, அம்மா, அண்ணன், அக்கா என்று குடும்பத்தில் யாருக்காவது குளுக்கோமா இருப்பவர்கள், பிரஷர் எண்ணோடு நிறுத்தாமல் பார்வை நரம்பையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். சந்தேகம் இருந்தால் பக்கவாட்டுப் பார்வையை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுப்பார்கள்.

கார்னியா தடிமனை அளக்கும் சோதனைக்குப் பெயர் பேக்கிமெட்ரி. சில நிமிஷத்தில் முடிந்துவிடும், வலிக்காது. பெரியவர்களுக்கு இந்த அளவு சட்டென்று மாறாது என்பதால், ஒருமுறை எடுத்த எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டாலே அடுத்த டாக்டருக்கு உதவும்.

கண்ணாடியைத் தவிர்க்க லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த சிகிச்சை கார்னியாவைச் செதுக்கி மெல்லிசாக்குகிறது. அதனால் பிறகு எடுக்கும் பிரஷர் எண் குறைவாகவே காட்டும்.

கண் சிவந்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கலாம். அதை நாள்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் போட வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். தடிமன் எண்ணைப் பார்த்துவிட்டு இத்தனை கூட்டு, இத்தனை கழி என்று வீட்டில் கணக்குப் போட முடியாது. எல்லோரும் ஏற்கும் சூத்திரம் எதுவும் இதற்கு இல்லை. பிரஷர், கார்னியா தடிமன், பார்வை நரம்பு, பக்கவாட்டுப் பார்வை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். ஏற்கெனவே சொட்டு மருந்து போடுகிறவர்கள், எண் குறைந்துவிட்டது என்று தாங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

எலியட் எழும்பூரில் பார்த்த பலர், காப்பாற்ற அதிகம் மிச்சமில்லாத நேரத்தில் வந்தவர்கள். குளுக்கோமாவில் போன பார்வையை மீட்க இன்றும் வழியில்லை. மிச்சமிருக்கும்போதே கண்டுபிடிக்க இன்றைக்கு வசதி இருக்கிறது. அடுத்த முறை பிரஷர் நார்மல் என்று சொன்னால், கார்னியா தடிமனும் நரம்பும் பார்த்தாச்சா டாக்டர் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.